வால்வு கிதார் பெருக்கி: சுற்றைப் புரிந்துகொண்டு நாமே அமைப்போம்



மின்கிதாரை எதனுடனும் இணைக்காமல் மீட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒலி அடுத்த அறைக்குக்கூட எட்டாது. வீணைக்குக் குடம் உண்டு. சாதாரணக் கிதாருக்கு உள்ளீடற்ற மரப்பெட்டி உண்டு. மின்கிதாரின் உடலோ பெரும்பாலும் கெட்டியான ஒரே மரப்பலகை. தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றை அசைக்க அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பதிலாக, எஃகுத் தந்திகளுக்கு நேர் கீழே காந்தங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி மயிரிழையை ஒத்த செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். இதைப் ‘பிக்அப்’ என்பார்கள். தந்தி அதிரும்போது காந்தப்புலம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட விதிதான் இங்கே வேலை செய்கிறது.

அந்த மின்னழுத்தம் எவ்வளவு? மிதமாக மீட்டினால் உச்ச அளவு ஏறத்தாழ 0.1 வோல்ட் என்று கொள்ளலாம். பெருக்கியின் நுழைவாயிலில் 10 லட்சம் ஓம் தடை இருந்தால், அதற்கு வந்து சேரும் திறன் ஒரு வாட்டில் 20 கோடியில் ஒரு பங்கு. நாம் அமைக்கப்போகும் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்க வேண்டியதோ 5 வாட். அதாவது திறனை நூறு கோடி மடங்கு பெருக்க வேண்டும்! இதை மூன்றே மூன்று கண்ணாடி வால்வுகளும், இரண்டு மின்மாற்றிகளும், இருபதுக்கு மேற்படாத சிறு உறுப்புகளும் செய்து முடிக்கின்றன. அவற்றில் ஒரு வால்வு பெருக்கும் வேலையில் சேராது. மின்சாரம் வழங்குவதோடு சரி.

நாம் எடுத்துக்கொள்ளும் சுற்று அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்டன் நகரில் பிறந்தது. லியோ ஃபெண்டர் என்பவர் 1938-இல் அங்கே ஒரு வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்தார். பிறகு கிதார்களும் பெருக்கிகளும் செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1950-களின் பிற்பாதியில் விற்ற மிகச் சிறிய பெருக்கியின் பெயர் ‘சாம்ப்’. சுற்றின் எண் 5எஃப்1. பழகுவோருக்கான மலிவான பொருளாகத்தான் அது வெளிவந்தது. வால்வுக் கம்பெனிகள் அச்சிட்ட கையேடுகளில் கண்ட சுற்றுகளை ஒட்டியே ஃபெண்டர் தமது சுற்றுகளை அமைத்தார். ஆகவே இதைப் புரிந்துகொண்டால் பழைய வால்வு வானொலியின் ஒலிப்பகுதி முழுவதையும் புரிந்துகொண்டவர் ஆவீர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, படிக்கப் படிக்கச் சுற்றை வரைந்துகொண்டே வாருங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை

மின்கலத்தில் ஓடும் டிரான்சிஸ்டர் சுற்றுகளைச் செய்து பழகியவர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும். 9 வோல்ட் சுற்றில் விரல் பட்டால் ஒன்றும் ஆகாது. இந்தச் சுற்றில் 350 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது, உயிரை வாங்கக்கூடியது. அதைவிட வஞ்சகமான செய்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும் என்பதுதான். மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். வால்வுச் சுற்றுகளில் வேலை பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதற்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. அப்படி ஒருவர் கிடைக்கும்வரை தாளில் வரைவதும் கணக்கிடுவதும் போதும். கற்க வேண்டியதில் பாதிக்கு மேல் அங்கேயே கிடைத்துவிடும்.

வால்வுக்குள் என்ன நடக்கிறது?

சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் ஆவியைப் போல வெளியேறும். 1880-களில் எடிசன் தம் மின்விளக்குகளில் இதன் அடையாளத்தைக் கண்டார். ஆனால் காரணம் அவருக்குத் தெரியாது. எலெக்ட்ரான் என்ற ஒன்று உண்டு என்பதே 1897-இல்தான் உறுதியாயிற்று. 1904-இல் ஆங்கிலேயரான ஃபிளெமிங், காற்று நீக்கிய குமிழுக்குள் சூடான முனை ஒன்றையும் குளிர்ந்த தகடு ஒன்றையும் வைத்து, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் கருவியைச் செய்தார். தண்ணீர்க் குழாயில் வால்வு செய்யும் வேலையை இது மின்சாரத்துக்குச் செய்தது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பியை நுழைத்தார். இதுதான் கிரிட். சூடான முனையாகிய கேத்தோடிலிருந்து தகட்டை நோக்கி ஓடும் எலெக்ட்ரான்கள் இந்தக் கம்பிகளின் இடைவெளி வழியாகத்தான் போயாக வேண்டும். கிரிட்டுக்குக் கேத்தோடைவிடச் சற்று எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அது எலெக்ட்ரான்களைத் தள்ளிவிடும், ஓட்டம் குறையும். எதிர் மின்னழுத்தத்தைக் குறைத்தால் ஓட்டம் கூடும். கிரிட் தனக்கென்று மின்னோட்டம் எதையும் எடுப்பதில்லை. அதிகாரம் மட்டுமே செலுத்துகிறது. எலியின் பலத்தில் யானையை நடத்தும் வித்தை இதுவே.

நம் சுற்றின் முதல் வால்வு 12ஏஎக்ஸ்7. ஐரோப்பியர் இதற்கு இசிசி83 என்று பெயர் வைத்தனர். ஒரே குமிழுக்குள் இரண்டு மும்முனை வால்வுகள் இதில் அடங்கியுள்ளன. அமெரிக்கப் பெயர்களில் முதலில் வரும் எண் சூடேற்றும் இழையின் வோல்ட்டைக் குறிக்கும். 6வி6 என்றால் 6.3 வோல்ட், 5ஒய்3 என்றால் 5 வோல்ட், 12ஏஎக்ஸ்7 என்றால் 12.6 வோல்ட். கடைசியில் சொன்னதன் இழை நடுவில் பிரிக்கப்பட்டிருப்பதால், இரு பாதிகளையும் பக்க இணைப்பில் வைத்து 6.3 வோல்ட்டிலும் எரிக்கலாம். நாம் அப்படித்தான் செய்வோம்.

முதல் கட்டம்

கிதாரின் கம்பி 68 கிலோ ஓம் மின்தடை வழியாக முதல் மும்முனை வால்வின் கிரிட்டுக்குச் செல்கிறது. கிரிட்டுக்கும் தரைக்கும் நடுவே 1 மெகா ஓம். 68 கிலோ ஓம் எதற்கு? வால்வின் உள்ளே கிரிட்டுக்கு இருக்கும் மிகச் சிறிய மின்தேக்கத்துடன் சேர்ந்து அது வானொலி அலைவரிசைகளைத் தடுக்கிறது. அதை விட்டுவிட்டால், பாட்டுக்கு நடுவே உள்ளூர் வானொலி நிலையத்தின் செய்தியறிக்கையும் கேட்கக்கூடும்.

தகட்டுக்கு 100 கிலோ ஓம் வழியாக ஏறத்தாழ 250 வோல்ட் வருகிறது. கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே 1.5 கிலோ ஓம். இந்தச் சிறு மின்தடை மிகவும் கெட்டிக்காரத்தனமானது. வால்வில் 1 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். ஓம் விதிப்படி இதன்மேல் 1.5 வோல்ட் தோன்றும். கேத்தோடு தரையைவிட 1.5 வோல்ட் உயர்ந்து நிற்கும். கிரிட் தரையின் மட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே கேத்தோடின் பார்வையில் கிரிட் 1.5 வோல்ட் எதிர்மின்னில் இருக்கிறது! தனி மின்கலம் எதுவும் இல்லாமலேயே வால்வு தனக்குத் தேவையான எதிர் மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஓட்டம் கூடினால் இந்த அழுத்தமும் கூடி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், குறைந்தால் தளர்த்திவிடும். இதைத் தன் சார்பு என்று சொல்லலாம்.

தகட்டில் என்ன இருக்கும்? 1 மில்லியாம்பியர் 100 கிலோ ஓமைக் கடக்கும்போது 100 வோல்ட் விழுகிறது. 250-இலிருந்து 100 போக 150. ஏறவும் இறங்கவும் இடமுள்ள நல்ல நடுநிலை.

இப்போது கிதாரின் குறியீடு வருகிறது. 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்க எண் 100. அதாவது கிரிட்டில் 1 வோல்ட் மாற்றம், தகட்டில் 100 வோல்ட் மாற்றத்துக்குச் சமமான விளைவைத் தரும். அப்படியானால் 100 மடங்கு பெருக்கம் கிடைக்குமா? கிடைக்காது. அந்த 100 மடங்கு அழுத்தம் மூன்று தடைகளுக்கிடையே பங்கு போகிறது. தகட்டுடன் இணைந்த 100 கிலோ ஓம் ஒன்று. வால்வின் உட்தடை ஏறத்தாழ 65 கிலோ ஓம் மற்றொன்று. மூன்றாவது கேத்தோடின் 1.5 கிலோ ஓம். குறியீட்டால் கேத்தோடும் ஆடுவதால், கிரிட் அதை 101 மடங்கு பெரிதாக உணர்கிறது. எனவே அது 151 கிலோ ஓம் போல நடந்துகொள்கிறது. கூட்டினால் 316. இதில் 100 கிலோ ஓமுக்குக் கிடைக்கும் பங்கு 100 பெருக்கல் 100 வகுத்தல் 316, அதாவது 32-க்குச் சற்றுக் குறைவு. பின்னால் வரும் ஒலிக்குமிழின் சுமையையும் சேர்த்தால் 30 மடங்கு. ஆகவே 0.1 வோல்ட் 3 வோல்ட் ஆயிற்று.

இந்த 3 வோல்ட் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அதோடு சேர்ந்துள்ள 150 வோல்ட் நேர்மின்சாரம் போகக் கூடாது. அதனால் நடுவே 0.02 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைக்கிறோம். அதற்கடுத்து 1 மெகா ஓம் ஒலிக்குமிழ். இந்த இரண்டும் சேர்ந்து 8 ஹெர்ட்சுக்கு மேற்பட்டதை எல்லாம் விட்டுவிடும். கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸ்தான் என்பதால் நமக்கு இழப்பில்லை.

இரண்டாவது மும்முனை வால்வும் இதே அமைப்புதான். ஒரே ஒரு வேறுபாடு, அதன் கேத்தோடுக்கு ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக ஒரு கம்பி திரும்பி வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

திறன் வால்வு

இதுவரை நாம் வோல்ட்டைத்தான் பெருக்கினோம். ஸ்பீக்கரை அசைக்க மின்னோட்டமும் வேண்டும். இரண்டாம் கட்டத்திலிருந்து மற்றொரு 0.02 மைக்ரோஃபாரட் வழியாகக் குறியீடு 6வி6 வால்வின் கிரிட்டுக்குச் செல்கிறது. அந்தக் கிரிட்டுக்கும் தரைக்கும் நடுவே 220 கிலோ ஓம்.

6வி6 என்பது 1930-களில் வந்த வானொலி வால்வு. இதில் இன்னொரு கிரிட்டும், எலெக்ட்ரான்களைக் கற்றையாகக் குவிக்கும் தகடுகளும் உண்டு. சாதாரண மும்முனை வால்வில் தகட்டின் அழுத்தம் குறையும்போது எலெக்ட்ரான்களை இழுக்கும் வலுவும் குறைந்துவிடும். இரண்டாவது கிரிட்டுக்கு நிலையாக 300 வோல்ட் கொடுத்துவிட்டால், தகட்டின் நிலை எப்படி இருந்தாலும் இழுப்பு குறையாது.

கேத்தோடில் 470 ஓம். சாம்ப் பெருக்கியில் இங்கே ஏறத்தாழ 19 வோல்ட் நிற்கும். 19-ஐ 470-ஆல் வகுத்தால் 40 மில்லியாம்பியர். அதில் 3 மில்லியாம்பியர் அளவு இரண்டாவது கிரிட்டுக்குப் போக, தகட்டின் வழி ஓடுவது 37. தகட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே ஏறத்தாழ 320 வோல்ட். பெருக்கினால் 12 வாட்டுக்கு அருகே வருகிறது. 6வி6 வால்வின் தகடு தாங்கக்கூடிய வெப்பம் எவ்வளவு என்று பழைய கையேடுகளைப் புரட்டினால் 12 வாட் என்றே போட்டிருக்கும். வடிவமைத்தவர் வால்வை அதன் எல்லையில் நிறுத்தி வேலை வாங்கியிருக்கிறார்! நீங்கள் கட்டியபின் கேத்தோடில் 19-க்குப் பதிலாக 25 வோல்ட் கண்டால் வால்வு வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வோல்ட் மீட்டரும் வகுத்தலும் இருந்தால் வால்வின் நாடியைப் பிடித்துவிடலாம்.

470 ஓமுக்குப் பக்கத்தில் 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று உண்டு. கேத்தோடின் அழுத்தம் குறியீட்டோடு சேர்ந்து ஆடாமல் அது பார்த்துக்கொள்ளும்.

தகட்டின் வழியில் இருப்பது வெளியீட்டு மின்மாற்றி. 6வி6 தன் திறனை நன்றாக வழங்க வேண்டுமானால் அதற்கு 8,000 ஓம் அளவிலான சுமை வேண்டும். ஸ்பீக்கரின் சுருளோ 4 ஓம். இரண்டுக்கும் உள்ள விகிதம் 2,000. மின்மாற்றி தடையைச் சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் மாற்றும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 2,000-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 45. ஆகவே முதன்மைச் சுருளில் 45 சுற்றுக்கு, துணைச் சுருளில் 1 சுற்று. வேகமாக மிதித்தால் மெதுவாகச் சுழன்று பாரம் இழுக்கும் பல்சக்கரம் போன்றது இது.

இந்த மின்மாற்றியின் இரும்புக்குள் 37 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தீர்களா? அது இரும்பை ஒரு பக்கமாகவே காந்தமாக்கி நிறைத்துவிடும். அதைத் தடுக்க, இரும்புத் தகடுகளுக்கிடையே மெல்லிய இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். அளவு ஒத்திருக்கிறதே என்று வேறு மின்மாற்றியை இங்கே போட்டால் ஒலி சிதைவது இதனால்தான். கடையில் வாங்கும்போது ஒற்றை வால்வுக்கானது என்று கேட்டு வாங்குங்கள்.

திரும்பி வரும் கம்பி

ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாகத் திரும்பிய கம்பியை இப்போது பார்க்கலாம். வெளியீட்டின் ஒரு சிறு பங்கை நுழைவுப் பக்கத்துக்கே எதிராகத் திருப்பிக் கொடுப்பதை எதிர்ப் பின்னூட்டம் என்கிறோம். 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹரால்டு பிளாக் கண்டுபிடித்தது இது. 5 வாட் வரும்போது 4 ஓம் ஸ்பீக்கரில் உச்ச அழுத்தம் 6.3 வோல்ட். அதில் 23.5-க்கு 1.5 என்ற விகிதத்தில், அதாவது 0.4 வோல்ட் அளவு, கேத்தோடுக்குத் திரும்புகிறது. பின்னூட்டம் இல்லாவிட்டால் இரண்டாம் கட்டத்தின் கிரிட்டில் 0.8 வோல்ட் இருந்தால் முழு ஒலி கிடைத்துவிடும்; பின்னூட்டம் இருப்பதால் 1.2 வோல்ட் வேண்டியிருக்கிறது. பெருக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாகத் தெளிவை வாங்குகிறோம்.

வெளியீட்டு மின்மாற்றியின் கம்பிகளை இடம் மாற்றி இணைத்தால் இது எதிர்ப் பின்னூட்டமாக இல்லாமல் நேர்ப் பின்னூட்டமாகிவிடும். பெருக்கி ஊளையிடும்! பயப்பட வேண்டாம். சுவிட்சை அணைத்து, மின்தேக்கிகள் வடிந்தபின் முதன்மைச் சுருளின் இரண்டு கம்பிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டால் போதும்.

கெட்டுப்போவதிலும் ஓர் இனிமை

மேலே கண்ட எண்களைக் கூர்ந்து பாருங்கள். முழு ஒலிக்கு வேண்டியது 1.2 வோல்ட். முதல் கட்டம் கொடுப்பதோ 3 வோல்ட். ஒலிக்குமிழை முழுவதும் திறந்தால் தேவைக்கு இரண்டரை மடங்கு வந்து சேரும். வானொலிப் பெட்டியில் இதைக் குறை என்று சொல்வோம். கிதார் வாசிப்பவர்கள் இதற்காகத்தான் இந்தப் பெருக்கியைத் தேடுகிறார்கள்.

அப்போது நடப்பது இதுதான். 6வி6 வால்வின் கிரிட் கேத்தோடைவிட 19 வோல்ட் கீழே இருக்கிறது. குறியீடு 19 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் கிரிட் கேத்தோடின் மட்டத்தை எட்டிவிடும். உடனே எலெக்ட்ரான்களைத் தானும் பிடிக்கத் தொடங்கும். அலையின் தலை தட்டையாகிறது. மறுபக்கம் 19 வோல்ட் இறங்கினால் வால்வில் ஓட்டமே ஏறத்தாழ நின்றுபோகும். அலையின் அடியும் தட்டையாகிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டுப்படுவதில்லை.

அலையின் வடிவம் மாறினால் புதிய சுரங்கள் பிறக்கும் என்பது ஃபூரியே கண்ட உண்மை. 82 ஹெர்ட்ஸ் தந்தியை மீட்டினால் 164-உம் 246-உம் சேர்ந்து கேட்கும். அடிப்படைச் சுரத்தைச் சட்ஜம் என்று கொண்டால் 164 மேல் சட்ஜம். 246 அதற்கு மேலுள்ள பஞ்சமம். இரண்டும் சட்ஜத்தோடு இணக்கமானவை. அதனால்தான் ஒரு தந்தி மீட்டும்போது கெட்டுப்போன ஒலி காதை உறுத்தாமல் கனத்துக் கேட்கிறது. பல தந்திகளைச் சேர்த்து மீட்டும்போது அவற்றின் கூட்டல் கழித்தல் அலைவெண்களும் பிறப்பதால் கரடுமுரடாகிவிடுகிறது. கிதார்க்காரர்கள் உரத்த வாசிப்பில் அடிப்படைச் சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஒலிக்காகப் பெருக்கியையே பாழ்படுத்தியவர்களும் உண்டு. ‘கிங்க்ஸ்’ என்ற ஆங்கிலேயக் குழுவின் டேவ் டேவிஸ், 1964-இல் வந்த ஒரு பாட்டுக்காகத் தம் சிறிய பெருக்கியின் ஸ்பீக்கர் தாளைப் பிளேடால் கீறிவிட்டார்! லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் செய்யத் தொடங்கிய பெருக்கியும் ஃபெண்டரின் பெரிய பெருக்கி ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டதுதான்.

வால்வு ஒலிக்கு ஏதோ மாயசக்தி இருப்பதாகச் சொல்பவர்களும் உண்டு. அதை நம்ப வேண்டியதில்லை. உதாரணமாக, உரக்க வாசிக்கும்போது மின்வழங்கியின் அழுத்தம் தொய்ந்து ஒலி மென்மையாகிறது என்பார்கள். பெரிய பெருக்கிகளில் இது உண்மை. ஆனால் நம் ஒற்றை வால்வு, வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஏறத்தாழ அதே 40 மில்லியாம்பியரைத்தான் எடுக்கிறது. ஆகவே தொய்வு மிகக் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் கதையையும் உண்மையையும் பிரித்துவிடலாம்.

மின்வழங்கி

அமெரிக்கப் பெருக்கி அங்குள்ள 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஆனது. நமக்கு முதன்மைச் சுருள் 230 வோல்ட்டுக்கும் 50 ஹெர்ட்சுக்கும் சுற்றிய மின்மாற்றி வேண்டும். துணைச் சுருள்கள் மூன்று: 325-0-325 வோல்ட், 6.3 வோல்ட், 5 வோல்ட். கடைசிச் சுருள் 5ஒய்3 என்ற திருத்தி வால்வின் இழைக்கு. அந்த இழையே அதன் கேத்தோடாகவும் இருப்பதால் அங்கிருந்துதான் உயர் அழுத்தத்தை எடுக்கிறோம். பெயர் 5 வோல்ட் சுருள் என்றாலும் தரையிலிருந்து பார்த்தால் அது 350 வோல்ட்டில் மிதக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

திருத்தியை அடுத்து 16 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. இங்கே 350 வோல்ட். வெளியீட்டு மின்மாற்றிக்கு இங்கிருந்தே போகிறது. பிறகு 10 கிலோ ஓமும் 8 மைக்ரோஃபாரடும். இங்கே 300 வோல்ட், 6வி6 வால்வின் இரண்டாவது கிரிட்டுக்கு. பிறகு 22 கிலோ ஓமும் மற்றொரு 8 மைக்ரோஃபாரடும். இங்கே 250 வோல்ட், 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு. குறியீடு எவ்வளவு சிறியதோ அவ்வளவு சுத்தமான மின்சாரம் வேண்டும் என்பதே இந்தப் படிகளின் கருத்து.

மின்தேக்கிகளை எத்தனை வோல்ட்டுக்கு வாங்குவது? 350 என்பது வால்வுகள் சூடேறி மின்னோட்டம் எடுக்கும்போது இருப்பது. 5ஒய்3 சில நொடிகளில் சூடாகிவிடும். மற்றவை மெதுவாகத்தான் சூடாகும். அந்த இடைவேளையில் அழுத்தம் 325-ஐ 1.414-ஆல் பெருக்கிய அளவுக்கு, அதாவது 460 வோல்ட் வரை போகும். பழைய பெருக்கிகளில் 450 வோல்ட் மின்தேக்கிகளைப் போட்டிருந்தார்கள். நாம் 500 வோல்ட்டுக்கு வாங்குவோம்.

பழைய சுற்றில் இல்லாத இரண்டை நாம் சேர்க்க வேண்டும். முதலாவது, 16 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை. மின்தேக்கிகள் மூன்றும் சேர்ந்து 32 மைக்ரோஃபாரட். 220 கிலோ ஓமுடன் பெருக்கினால் கால மாறிலி 7 நொடி. ஐந்து கால மாறிலிகளில், அதாவது 35 நொடியில், 350 வோல்ட் 3 வோல்ட்டுக்கும் கீழே போய்விடும். இருந்தாலும் ஒரு நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். மின்தடை அறுந்துபோயிருக்கலாம் அல்லவா?

இரண்டாவது, மூன்று கம்பி மின்வடம். 1950-களின் அமெரிக்கப் பெருக்கிகளில் இரண்டு கம்பிதான் இருந்தது. கிதாரின் தந்திகள் பெருக்கியின் உலோகச் சட்டத்துடன் இணைந்தவை. வாசிப்பவர் அதைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்கிறார். சட்டத்தை எர்த் கம்பியோடு திருகாணி போட்டு இறுக்குங்கள். சுவிட்சுக்கு முன்னால் 0.5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் இருக்கட்டும்.

கட்டுதல்

அலுமினியத் தகட்டை வளைத்துச் சட்டம் செய்யுங்கள். துளையிடும் வேலை முழுவதும் முடிந்து, உலோகத் துகள்களைத் துடைத்த பிறகே உறுப்புகளைப் பொருத்த வேண்டும். மின்மாற்றிகள் இரண்டையும் இரு கோடிகளில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் ‘உம்’ என்ற இரைச்சலைத் தூண்டாது. சிறு உறுப்புகளை டேக் போர்டில் பற்றவைக்கலாம். அச்சிட்ட பலகை தேவையில்லை.

சூடேற்றும் இழைக்கான இரு கம்பிகளையும் சடை போல நெருக்கி முறுக்கி, சட்டத்தின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த இரு கம்பிகளிலிருந்தும் தலா 100 ஓம் வழியாகத் தரைக்கு இணைத்தால் இரைச்சல் மேலும் குறையும். கிதார் நுழையும் கம்பிக்கு உலோகவலை போர்த்திய கம்பியே வேண்டும். அது மின்மாற்றியின் பக்கம் போகவே கூடாது.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். நம் எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் பல்புதான். வால்வுகளைச் செருகாமல் சுவிட்சைப் போட்டால் பல்பு ஒருமுறை மின்னி மங்க வேண்டும். பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ குறுக்கிணைப்பு இருக்கிறது, அணைத்துவிட்டுத் தேடுங்கள். சரியாக இருந்தால் அணைத்து, ஸ்பீக்கரை இணைத்து, வால்வுகளைச் செருகுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் இயக்கக் கூடாது. திறன் போக வழியில்லாமல் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி மின்மாற்றியின் காப்பைத் துளைத்துவிடும்.

அளக்கும்போது ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பழைய வானொலி மெக்கானிக்குகளின் பழக்கம். இரு கைகளாலும் தொட்டால் மின்சாரம் மார்பின் குறுக்கே, இதயத்தின் வழியே ஓடும். மீட்டரின் கறுப்புக் கம்பியை முதலிலேயே சட்டத்தில் கவ்விவிட்டு, சிவப்பை மட்டும் ஒரு கையால் நகர்த்துங்கள். பல்பை நீக்கியபின் 6வி6 கேத்தோடில் 17-க்கும் 21-க்கும் இடையிலும், 12ஏஎக்ஸ்7 கேத்தோடுகளில் ஒன்றரை வோல்ட் அளவிலும் இருந்தால் சுற்று சரி. நமது கணக்கோடு பத்து சதவிகிதம் முன்பின் இருப்பது இயல்பே.

இன்று ஒரு கைப்பேசிக்குள் பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருக்க, வால்வுகளைச் செய்யும் தொழிற்சாலைகள் சுலோவாக்கியா, ரஷ்யா, சீனா போன்ற சில நாடுகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் வானொலி வால்வுகளைச் செய்தது. வீட்டில் பழைய வால்வு வானொலி இருந்தால் அதைப் பிரித்துவிட வேண்டாம். அதன் சுற்றுப்படத்தைத் தேடி, மேலே கண்ட கட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று அடையாளம் காணுங்கள்.

பெருக்கி பாடத் தொடங்கியபின் செய்து பார்க்க ஒரு சோதனை. முதல் மும்முனை வால்வின் 1.5 கிலோ ஓமுக்கு இணையாக 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவையுங்கள். கேத்தோடு இப்போது ஆடாது. பங்குக் கணக்கில் 151 என்ற எண் மறைந்துவிடும். முதல் கட்டத்தின் பெருக்கம் எவ்வளவாகும், ஒலிக்குமிழின் எந்த நிலையில் 6வி6 வால்வு அலையை வெட்டத் தொடங்கும் என்று முன்கூட்டியே தாளில் கணக்கிட்டு வைத்துவிட்டு, பிறகு கிதாரை எடுங்கள்.